பேர் கூப்பிடுகிறவர்

மூன்று இருக்கைகளை ஒன்றாகப் பிணைத்த அந்த ஸ்டீல் நாற்காலியில் நடு இருக்கை மட்டும் சூடாக இருந்தது.

கலையரசன் உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்துவிட்டார். வலப்பக்கம் கை வைத்துப் பார்த்தார், சில்லென்றிருந்தது. இடப்பக்கமும் அப்படியே. நடுவில் மட்டும், பஸ்ஸில் ஒருவர் எழுந்ததும் அடுத்தவர் உட்காரும்போது தெரியுமே, அந்த ஆள் சூடு. குடும்ப நல கோர்ட்டுக்கென்று ஒதுக்கிய அந்தப் புது ஹாலில் அவரைத் தவிர யாரும் இல்லை. கேஸ் கட்டுகளை ஏற்றி வந்த மினி லாரி திரும்பிப் போயிருந்தது. இறக்கியவர்கள் டீ குடிக்க ரோட்டுப் பக்கம் போயிருந்தார்கள். வெயில் பட்டுச் சூடாகியிருக்கும் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றால் ஜன்னல்கள் எல்லாம் வடக்குப் பார்த்தவை. பங்குனி மாதத்து மூன்று மணி வெயில் வெளியே சுண்ணாம்புக்கல் தரையில்தான் காய்ந்துகொண்டிருந்தது.

சரி, வயதாகிறது, உடம்புச் சூடு என்று அவரே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டு, தள்ளிப்போய் சுவரோரம் நின்றார்.

கட்டடம் அழகாகத்தான் இருந்தது. பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில், டவுனைத் தாண்டி நாலு கிலோமீட்டரில், கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரு மரம்கூட இல்லாத பொட்டலில் மூன்று மாடி. லிஃப்ட் உண்டு. சக்கர நாற்காலி ஏற சாய்தளம் உண்டு. பெண்கள் குழந்தைக்குப் பால் கொடுக்கத் தனி அறை உண்டு. எங்கே மூச்சு விட்டாலும் புது பெயின்ட் வாசனை, அதற்கடியில் இன்னும் ஈரம் காயாத சிமென்ட் வாசனை. பழைய கோர்ட் வெள்ளைக்காரன் காலத்தில் ஒரே ஒரு முன்சீப்புக்காகக் கட்டியது. அதற்குள் ஐந்து கோர்ட்டைத் திணித்து, ரெக்கார்டு ரூம் போதாமல் கக்கூஸில் கட்டுகளை அடுக்கி, வராந்தாவில் கைவிலங்கு போட்டவனும் ஜீவனாம்சம் கேட்டு வந்தவளும் முழங்கை இடித்துக்கொண்டு நிற்கும்படி முப்பது வருஷம் ஓட்டியாகிவிட்டது. அங்கே நின்று கத்திக் கத்தித்தான் கலையரசனின் தொண்டையே தடித்துப்போனது.

இருபத்தாறு வருஷமாக அவருக்கு வேலை பேர் கூப்பிடுவது. உத்தரவில் அலுவலக உதவியாளர் என்றிருக்கும், ஜனங்களுக்கு அவர் டவாலி. கிளார்க் சீட்டில் எழுதித் தரும் பேரை ஹால் வாசலில் நின்று மூன்று தடவை கூப்பிட வேண்டும். மூன்று தடவையும் ஆள் வராவிட்டால் உள்ளே திரும்பி, "மூணு தடவை கூப்பிட்டாச்சுங்கய்யா, ஆள் வரலைங்க" என்று சொல்ல வேண்டும். நீதிபதி அதை எழுதிக்கொள்வார். வராதவரின் நியாயம் அதோடு முடிந்துபோகும், எதிராளி கேட்டது எதிராளிக்குக் கிடைத்துவிடும்.

மூன்று தடவை என்பது சட்டத்தில். ஒரு நாளைக்கு நூற்றைம்பது பேர் நெரிகிற வராந்தாவில் ஒரு தடவை கூப்பிட்டு, சொல்வதை மட்டும் மூன்று என்று சொல்லிவிடுவார் கலையரசன். அதை யாரும் எண்ணிக்கொண்டு நிற்பதில்லை. இதில் தப்பு இருப்பதாகவே அவருக்கு ரொம்ப நாள் தோன்றியதில்லை.

அதனால்தான் இப்போது பயம். திங்கட்கிழமை புதுக் கட்டடத் திறப்பு, அன்றே வழக்குகளும் நடக்கும். அன்றைய பட்டியலில் அவர் மகள் பூங்குழலியின் பேர் இருந்தது. அவள் புருஷன், வேப்பந்தட்டைக்காரன் கோகுலகிருஷ்ணன், நாலு வயதுப் பையனைத் தன்னிடம் ஒப்படைக்கச் சொல்லி மனுப் போட்டிருந்தான். பையனுக்குக் காய்ச்சல் என்று ஒரு வாய்தா, வக்கீல் வரவில்லை என்று ஒரு வாய்தா, இரண்டும் பூங்குழலி போகாமலே தவறிவிட்டன. "அடுத்த முறை வக்கீல் வந்தாலும் வராட்டியும் அந்தப் பொண்ணு நேர்ல நிக்கணும். இல்லேன்னா பையன அப்பாகிட்ட கொடுக்க உத்தரவு போட்டுருவேன்" என்று நீதிபதி சொல்லியாகிவிட்டது. வக்கீல்களோ கோர்ட்டை டவுனுக்கு வெளியே கொண்டுபோனதைக் கண்டித்துத் திங்கட்கிழமை புறக்கணிப்பு. ஆக, அன்று பூங்குழலிக்கு இருக்கும் ஒரே துணை, அவள் பேரைக் கூப்பிடப் போகிறவனின் தொண்டை.

குடும்ப நல கோர்ட்டின் உதவியாளர் ராஜேஷிடம் காலையில்தான் பேசி முடித்திருந்தார்.

"திங்கக்கெழம ஒரு நாளைக்கு நீ என் கோர்ட்டுக்குப் போ தம்பி. நான் உன் எடத்துல நின்னுக்கறேன்."

"ஏன்ண்ணே, நான் கூப்புட மாட்டனா ஒங்க பொண்ணு பேர?"

"கூப்புடுவ. எத்தன தடவ கூப்புடுவ?"

ராஜேஷ் சிரித்துவிட்டான். ஒரே தொழில்காரர்கள், ஒளிக்க ஒன்றுமில்லை.

இப்போது ஹாலில் தனியாக நிற்கும்போது குரலைப் பழக்கிப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. மைக் இன்னும் இணைக்கவில்லை, வெறும் தொண்டைதான். கலையரசன் வாசலுக்குப் போய் நின்றார். முதலில் கை தட்டினார். சத்தம் கூரையில் மோதி, படிக்கட்டு வரை ஓடித் திரும்பி வந்தது. பரவாயில்லை, குண்டூசி விழுந்தாலும் கேட்கும். நெஞ்சை நிமிர்த்தி, அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டார்.

"பூங்குழலி!"

ஒன்றும் கேட்கவில்லை.

எதிரொலி வரவில்லை என்பதல்ல. அவர் காதிலேயே விழவில்லை. தொண்டை அதிர்ந்தது தெரிந்தது, நாக்கு மடங்கியது தெரிந்தது, ஆனால் குரல் பல்லைத் தாண்டுவதற்குள் யாரோ வாங்கி வைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. காதைக் குடைந்தார். "ராஜேஷ்!" என்றார். ஹால் முழுக்க முழங்கியது. "கோகுலகிருஷ்ணன்!" என்றார். அதுவும் முழங்கியது. மறுபடி மகள் பேரை, இந்தத் தடவை கழுத்து நரம்பு புடைக்க, கண்ணில் நீர் வரக் கூப்பிட்டார். மின்விசிறி ஓடாத ஹாலின் நிசப்தம் அப்படியே இருந்தது.

அப்போது காத்திருப்போர் நாற்காலிப் பக்கமிருந்து, ரொம்பப் பணிவாக, ஒரு பதில் வந்தது.

"இருக்கேன் சாமி."

கலையரசன் திரும்பிப் பார்த்தார். நாற்காலியில் யாரும் இல்லை. ஆனால் புளிப்பும் இனிப்புமாக, தொண்டையைப் பிடிக்கிற மாதிரி, பழுத்து விழுந்த முந்திரிப் பழத்தின் வாசனை ஹாலில் இருந்தது. பத்து மைல் சுற்றளவில் முந்திரி கிடையாது. பூட்டைக்கூடப் போடாமல் படியில் இறங்கி ஓடினார். டீக்கடையில் "என்னண்ணே, வேர்த்து ஊத்துது?" என்று ராஜேஷ் கேட்டதற்கு, லிஃப்ட் வேலை செய்யவில்லை என்று ஏதோ சொல்லி வைத்தார்.

அந்தக் குரல் அவருக்குத் தெரியும். அதுதான் விஷயம்.

ஆண்டாயி. ஆண்டிமடத்துப் பக்கம் முந்திரி உடைக்கிறவள், அறுபதைத் தாண்டியவள். முந்திரி ஓட்டுப் பால் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து கறுத்திருக்கும். இருந்த ஒரே வீட்டைக் கொழுந்தன் மகன் தன்னுடையது என்று கேஸ் போட்டிருந்தான். எல்லா வாய்தாவுக்கும் முதல் பஸ்ஸில் வந்துவிடுவாள். வந்து சும்மா இருந்தாலும் தேவலை, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வந்து, "சாமி, எம்பேரு வந்துருச்சா? கூப்புட்டா சொல்லுங்க சாமி, எனக்குக் காது கொஞ்சம் மந்தம்" என்று நச்சரிப்பாள். போன ஆவணியில் ஒரு நாள் அப்படிக் கேட்டுக் கேட்டு உயிரை எடுத்துவிட்டாள். கலையரசனுக்கு அன்று தலைவலி வேறு. அவள் பேர் வந்தபோது மத்தியானம் ஒன்றரை. வேப்பமரத்தடியில் அவள் உட்கார்ந்திருந்தது அவர் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தது. இருபதடிதான். அவளைப் பார்த்துக்கொண்டே, பக்கத்தில் நின்றவனுக்குக்கூடக் கேட்காத குரலில், ஒரே ஒரு தடவை "ஆண்டாயி" என்றார். உள்ளே திரும்பி மூன்று தடவை கூப்பிட்டாச்சு என்றார்.

சாயங்காலம் அவள் கேட்டாள். "எம்பேரக் கூப்புடலையா சாமி?"

"கூப்புட்டேன். நீ எங்க போயித் தொலஞ்ச?"

"இங்கனயேதான இருந்தேன்."

வீடு போனது. அங்கேயேதான் இருந்தேன் என்று அவள் போட்ட மனுவும், மூன்று தடவை கூப்பிட்டதாக எழுத்தில் இருக்கிறதே என்று தள்ளுபடியானது. அதற்கப்புறமும் கேஸே இல்லாமல் தினமும் வந்து அதே மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். நச்சரிப்பதை நிறுத்திவிட்டாள். வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள், அவ்வளவுதான். ஐப்பசிக்கு மேல் வரவில்லை. கலையரசனும் யாரையும் விசாரிக்கவில்லை. விசாரித்தால் பதில் வந்துவிடும் என்ற பயம்.

ஞாயிற்றுக்கிழமை காலை இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தார். கூடத்தில் பூங்குழலி பையனுக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். இவர் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று, சாதாரணமாக, "பூங்குழலி" என்றார். "என்னப்பா?" என்று திரும்பினாள். அந்த ஒரு சொல்லுக்கு அவருக்கு அழுகையே வந்துவிட்டது. வீட்டில் குரல் சரியாக இருக்கிறது. அங்கேதான் இல்லை. மனைவி லீலாவதி, "ஞாயித்துக்கெழமையும் எங்க கெளம்புறீங்க?" என்று கேட்டு முடிப்பதற்குள் பைக்கை எடுத்தார். ஆண்டாயி உயிரோடு இருக்க வேண்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டே போனார். உயிரோடு இருந்தால் காலில் விழுந்துவிடலாம்.

ஜெயங்கொண்டம் தாண்டியதும் சிமென்ட் லாரிகளின் புழுதி குறைந்து முந்திரிக் காடு தொடங்கியது. வாசனையும் தொடங்கியது. பழம் விழுகிற பருவம், வாசனை வராமல் எப்படி இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கேஸ் கட்டில் பார்த்த ஊர்ப் பேரை விசாரித்து விசாரித்துப் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். வீட்டுக்குப் புதுக் கதவு போட்டு, பச்சை பெயின்ட் அடித்துப் பூட்டியிருந்தது. பக்கத்துக் கொட்டகையில் ஒரு பெண் சாம்பலைத் தொட்டுக்கொண்டு முந்திரி உடைத்துக்கொண்டிருந்தாள். ரத்தினம்மாள் என்று சொன்னாள்.

"ஆண்டாயி அக்காளா? அது செத்து அஞ்சு மாசம் ஆவுதுங்களே. அடமழயில, எங்கூட்டுச் சார்ப்புல ஒண்டியிருந்தப்பதான். நீங்க யாருங்க?"

"கோர்ட்டுலேர்ந்து வரேன்."

ரத்தினம்மாள் உடைப்பதை நிறுத்தினாள்.

"சாவுற அன்னிக்கும் விடியக்காலையில எந்திரிச்சு, தலய வாரி, அந்த ஒரு நல்ல பொடவையக் கட்டிக்கிட்டு ஒக்காந்துருந்துச்சுங்க. எங்க போற அக்கான்னு கேட்டா, இன்னைக்குப் பேரு கூப்புடுவாங்கடின்னுச்சு. கோர்ட்டுலேர்ந்து யாராச்சும் வந்தா ஒரே ஒரு வார்த்த கேட்டு வையி, அப்பத்தான் எனக்கு மனசு ஆறும்னு சொல்லிட்டேதான் கண்ண மூடுச்சு."

"என்ன கேக்கச் சொல்லுச்சு?"

"நெசமாலுமே அன்னிக்கு அது பேர மூணு தடவ கூப்புட்டாங்களான்னு."

கொட்டகைக்குள் உடைத்த ஓட்டின் காரல் நெடி. ஓலை இடுக்கில் வெயில் புள்ளி புள்ளியாக விழுந்திருந்தது. ரத்தினம்மாளுக்குப் பின்னால், இருட்டு மூலையில், யாரும் உட்காராத ஒரு மணைப் பலகையும் அதன் முன்னால் உடைக்காத முந்திரிக் குவியலும் இருந்தன. சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தார். ஒரு தடவைதான் கூப்பிட்டேன், அவளுக்குக் கேட்கக் கூடாது என்றே கூப்பிட்டேன். சொன்னால் இவள் ஊரைக் கூட்டுவாள். கோர்ட்டுக்கு எழுதிப் போடுவாள். ரிட்டயர் ஆக இன்னும் ஒன்பது வருஷம் இருக்கிறது. நாளைக்கு மகளின் கேஸ் இருக்கிறது.

"கூப்புட்டாங்கம்மா. மூணு தடவையும் கூப்புட்டாங்க. அதுக்குத்தான் காது கேக்கல."

மூலையில் மணைப் பலகை லேசாகக் கிறீச்சிட்டது. ரத்தினம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை, அவளுக்குக் கேட்கவில்லை போலும். "அப்படியாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த முந்திரியை எடுத்தாள். கலையரசன் பைக்கை உதைத்துக் கிளப்பி, ஊர் எல்லை தாண்டும் வரை கண்ணாடியைப் பார்க்காமல் ஓட்டினார்.

வழியில் நிறுத்தி ராஜேஷுக்கு போன் போட்டார். "நாளைக்கு நீயே நில்லுப்பா உன் கோர்ட்டுல."

"இப்ப சொல்றீங்களேண்ணே! பெரிய நீதிபதி வராங்க, நம்ம ஆபீஸ் சிரஸ்தாரம்மா என்னய வாசல்ல வரவேற்புக்குப் போட்டுட்டாங்க. நீங்க நிக்கிறதா சொல்லி ஆர்டரே ஒட்டியாச்சு."

திங்கட்கிழமை விடிந்ததும் அவருக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. கூட்டம் என்றால் தைரியம் வரத்தானே செய்யும். நாதஸ்வரம், வாழை மரம், சந்தனம், கேசரி. ரிப்பன் வெட்டி, கல்வெட்டுத் திரை விலக்கி, ஆளாளுக்குப் பேசி முடித்தார்கள். கேட்டுக்கு வெளியே கறுப்பு கோட்டுகள் கோஷம் போட்டுக்கொண்டிருந்தன. பூங்குழலியைக் கையோடு அழைத்து வந்து ஹாலின் முதல் வரிசையில், தான் நிற்கப்போகும் வாசலுக்கு நேர் எதிரே, பத்தடியில் உட்கார வைத்தார். பக்கத்து இருக்கையில் அவள் தோள்பையை வைத்துக்கொண்டாள்.

"எங்கயும் எந்திரிச்சுப் போவாத. தண்ணி குடிக்கக்கூடப் போவாத. என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இரு. பேரு கேக்குதோ இல்லையோ, நான் கையக் காட்டுனா எந்திரிச்சு முன்னால வந்துரு."

"ஏம்ப்பா இப்புடி நடுங்குறீங்க? நான்தான் வந்துட்டேன்ல?" பூங்குழலி சிரித்தாள். பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள். "தண்ணியும் கொண்டாந்துட்டேன்."

பதினொன்றரைக்கு நீதிபதி வந்து உட்கார்ந்தார். மின்விசிறிகள் ஓடின. வக்கீல்கள் இல்லாத கோர்ட்டில் சத்தம் ரொம்பக் குறைவு, யாராவது இருமினால்கூடத் தனியாகக் கேட்டது. முதல் பேர். இரண்டாவது பேர். கலையரசனின் குரல் ஹாலைத் தாண்டிப் படிக்கட்டு வரை போய்த் திரும்பியது. ஆட்கள் எழுந்தார்கள், வந்தார்கள், வாய்தா வாங்கிக்கொண்டு போனார்கள். பத்துப் பேர் வரை மூன்று மூன்று தடவை சுத்தமாகக் கூப்பிட்டார். இருபத்தாறு வருஷத்தில் முதல் முறை. சனிக்கிழமை நடந்ததெல்லாம் பிரமை என்றே தோன்ற ஆரம்பித்தது.

கிளார்க் அடுத்த சீட்டை நீட்டினார்.

"கோகுலகிருஷ்ணன்!"

மருமகன் இடப்பக்கத்திலிருந்து வந்து நின்றான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை.

கலையரசன் மூச்சை இழுத்தார். மகளைப் பார்த்தார். அவளும் சொன்னபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பூங்குழலி!"

மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது. யாரும் திரும்பவில்லை. கிளார்க் பேனாவை உருட்டிக்கொண்டு காத்திருந்தார். பூங்குழலி காத்திருந்தாள். பக்கத்து இருக்கையில் இருந்த தோள்பை இப்போது அவள் மடியில் இருந்தது. யாருக்கோ இடம் விட்டிருந்தாள்.

முந்திரிப் பழ வாசனை.

"பூங்குழலி!"

தொண்டை கிழிந்தது. வாயில் உப்புக் கரித்தது. சத்தமில்லை. கையைத் தூக்கி, வா வா என்று ஆட்டினார். வா என்று ஆட்டிய கை, பொறு என்று தடுப்பது போல உள்ளங்கையைக் காட்டிக்கொண்டு நின்றது, அவளும் சரியென்று தலையாட்டினாள். பக்கத்து இருக்கையில் ஒரு புடவை. மாம்பழ நிறம். வெளுத்த கரை. துவைத்து மடித்த கோடு கலையாமல்.

ஓட வேண்டும். பத்தடிதான். கையைப் பிடித்து இழுத்து வந்து நிறுத்திவிட வேண்டும். கால் வரவில்லை. முழங்காலுக்குக் கீழே புதுத் தரையோடு சேர்த்து ஊற்றிவிட்ட மாதிரி, வரவே இல்லை.

"பூங்குழலி!"

மூன்று.

இப்போது முகம் தெரிந்தது. வாரி முடிந்த தலை. ஆண்டாயி அவர் பக்கம் பார்க்கவேயில்லை. பூங்குழலியின் காதோரம் குனிந்து, வாய் ஓயாமல், ஏதோ பேசிக்கொண்டே இருந்தாள். கோர்ட்டில் காத்திருக்கிற பெண்கள் பேசுவது போலத்தான். எந்த ஊரு, எத்தனை பிள்ளை, என்ன கேஸு. பூங்குழலி மரியாதைக்குத் தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள், கண்ணை மட்டும் அப்பாவிடமிருந்து எடுக்காமல். ஹாலில் வேறு எந்தக் குரலும் அவள் காதுக்குப் போனதாகத் தெரியவில்லை.

கோகுலகிருஷ்ணன் அவளைப் பார்த்தான். பத்தடியில் சும்மா உட்கார்ந்திருக்கும் பெண்டாட்டியைப் பார்த்தான். வாசலில் வெறும் வாயைத் திறந்து மூடும் மாமனாரைப் பார்த்தான். அவன் முகத்தில் முதலில் குழப்பம். பிறகு மெதுவாக, மாமனார் தனக்காகத்தான் இப்படிச் செய்கிறார் என்று புரிந்துகொண்ட நன்றி. தலையைக் குனிந்துகொண்டான்.

"என்னப்பா, கூப்புட்டாச்சா?" என்றார் நீதிபதி.

இருக்காங்கய்யா. அதோ, முன்னாலயே இருக்காங்கய்யா. எம் பொண்ணுங்கய்யா. இதைத்தான் சொன்னார். நாக்கில் ஒவ்வொரு எழுத்தும் அப்படித்தான் உருண்டது. ஹாலில் கேட்டது வேறு. கணீரென்று, கொஞ்சம் சலிப்போடு, மத்தியானத் தலைவலியோடு, அவருடைய குரலிலேயே கேட்டது.

"மூணு தடவை கூப்பிட்டாச்சுங்கய்யா. ஆள் வரலைங்க."

நீதிபதி பெருமூச்சு விட்டார். "புள்ளையக் கொடுத்துரணும்னு தெரிஞ்சும் வரலேன்னா நாம என்ன பண்றது" என்று சொல்லிக்கொண்டே பேனாவை எடுத்தார். பேனா காகிதத்தில் ஓடுவது அந்த அமைதியில் நன்றாகக் கேட்டது. கிளார்க் அடுத்த சீட்டை நீட்டினார். வேண்டாம் என்றது மனசு. கை வாங்கியது. வாய் தானாகத் திறந்து, "சாமிதுரை!" என்றது. ஹால் அதிர்ந்தது. கடைசி வரிசையிலிருந்து ஒருவர் துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு, "இருக்கேங்க, இருக்கேங்க" என்று ஓடி வந்தார்.

முதல் வரிசையில் பூங்குழலி பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்தாள். பக்கத்திலிருந்தவளிடம் நீட்டினாள். ஆண்டாயி அதைக் கறுத்த விரல்களால் வாங்கி, அண்ணாந்து, நெடுநாள் தாகத்தோடு குடித்தாள். தண்ணீர் ஒவ்வொரு மடக்காகத் தொண்டையில் இறங்குவது வாசலிலிருந்தே தெரிந்தது. பாதியில் நிறுத்தி, வாயைத் துடைத்துக்கொண்டு, பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு இருவரும் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, ஒன்றுபோல முகத்தைத் திருப்பி, அவர் கூப்பிடப்போகும் பேருக்காகக் காத்திருந்தார்கள்.